புது மரம் போட்டால் பழைய கார் இல்லையா?

மோட்டார் வாகன விதிகளை வகுக்கும் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சக அதிகாரிகளுக்கும், அவற்றைத் தமிழ்நாட்டில் நடைமுறைப்படுத்தும் போக்குவரத்துத் துறை அதிகாரிகளுக்கும்,

மன்னார்குடியில் லேத் பட்டறை வைத்திருப்பவன் எழுதுகிறேன். 1948-ல் இங்கிலாந்தில் எம்.ஜி. கம்பெனி செய்த டி.சி. என்ற மாடல் கார் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரண்டு பேர் மட்டும் உட்காரும் திறந்த ஸ்போர்ட்ஸ் கார். நான்கு வருடம் உழைத்து அதை ஓடுகிற நிலைக்குக் கொண்டுவந்தேன். அப்புறம், வின்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யச் சொல்லி முறைப்படி மனு போட்டேன். ஆய்வுக்கு வரச்சொன்ன இடத்துக்கு மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனேன். வந்த அதிகாரி சீட்டைத் தூக்கினார். கீழே இருந்த மரச்சட்டத்தை விரலால் தட்டினார். "இது பழைய மரமா, புது மரமா?" என்றார்.

"புதுசுதான் சார். பழசு உளுத்துப்போச்சு."

"அப்போ இது வின்டேஜ்ல வராது."

அவ்வளவுதான். பானட்டைத் திறக்கவில்லை. சேசிஸ் நம்பரைப் பார்க்கவில்லை. பழுது பார்த்த வேலையைப் படம் எடுத்து நான் கொண்டுபோயிருந்த ஆல்பத்தைப் புரட்டக்கூட இல்லை. மனு நிராகரிக்கப்பட்டது என்று எழுத்தில் ஒரு வரி தரவும் இல்லை. பதினான்கு மாதம் ஆகிவிட்டது. நேரில் ஆறு முறை போய்க் கேட்டேன். இனிக் கேட்க வேண்டியது விதியை எழுதியவர்களையும் அதன்படி நடத்துகிறவர்களையும்தான் என்பதால் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

2021 ஜூலையில் ஒன்றிய அரசு வின்டேஜ் வாகனங்களுக்கென்று தனி விதிகளை அறிவித்தது. ஐம்பது வருடத்துக்கு மேலான கார்களும் இருசக்கர வண்டிகளும் அதில் வரும். கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபடி பதிய 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். 60 நாளுக்குள் பதிவுச் சான்று தர வேண்டும். அன்றாட ஓட்டத்துக்கோ வாடகைக்கோ ஓட்டக்கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம், பெட்ரோல் போடவும் பழுது பார்க்கவும் எடுத்துப்போகலாம். படித்தபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. பழைய வண்டி என்றாலே உடைத்து எடைக்குப் போட வேண்டியது என்று பேசப்படும் காலத்தில், காப்பாற்ற வேண்டிய பழசும் உண்டு என்று அரசே ஒப்புக்கொண்ட விதிகள் அவை.

சிக்கல் வரையறையில் இருக்கிறது. வண்டி அசல் வடிவத்தில் பராமரிக்கப்பட்டிருக்க வேண்டும், சேசிஸிலோ பாடி ஷெல் என்ற வெளிக்கூட்டிலோ என்ஜினிலோ மாற்றம் செய்வது உள்ளிட்ட கணிசமான ஓவர்ஹால் (பிரித்துச் சீரமைப்பது) எதுவும் நடந்திருக்கக் கூடாது என்கிறது விதி. கணிசமான என்றால் எவ்வளவு? மாற்றம் என்றால் எது? உளுத்த மரத்தை எடுத்துவிட்டு அதே அளவில், அதே வடிவில், அதே இடத்தில் வேறு மரம் வைப்பது மாற்றமா, பழுது பார்ப்பதா? விதி சொல்லவில்லை. அந்த இடைவெளியில்தான் என் கார் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

இந்தக் கார் எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லியாக வேண்டும். டி.சி. 1945 முதல் 1949 வரை செய்யப்பட்டது. இன்றைய கார்போலத் தகட்டாலேயே கூடு கட்டியது அல்ல. கீழே இரும்புச் சட்டம், அதுதான் சேசிஸ். அதன்மேல் ஆஷ் என்ற மரத்தில் கட்டில் சட்டம்போல ஒரு கூடு. அந்த மரத்தின்மேல் தகட்டை மடித்து அடித்திருப்பார்கள். கதவு தொங்குவதும் சீட்டு உட்காருவதும் மரத்தில்தான். விதியில் சொல்லும் 'பாடி ஷெல்' என்ற ஒன்றே இந்தக் காரில் கிடையாது. ஆஷ் வலுவான மரம்தான், நன்றாக வளைந்துகொடுக்கும். ஆனால் ஈரத்தையும் பூச்சியையும் தாங்காது. மழையும் வெள்ளமும் கறையானும் உள்ள எங்கள் ஊரில் எழுபது வருடம் அது அப்படியே இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நடக்கிற காரியமா?

எங்கள் அப்பா பம்புசெட் மெக்கானிக். ஆயில் என்ஜின்கள் ஓடிய காலத்தில், மன்னார்குடியிலிருந்து நீடாமங்கலம் வரை வயல் வயலாகச் சைக்கிளில் போய் வேலை பார்த்தவர். அப்படி வருடக்கணக்கில் வேலை பார்த்த ஒரு மிராசுதார் வீட்டில் கூலி பாக்கி நின்றுபோனது. 1979-ல் அந்தப் பாக்கிக்கு ஈடாக, வண்டிக் கொட்டகையில் கிடந்த இந்தக் காரைத் தள்ளிக்கொண்டு போகச் சொன்னார்கள். அப்பா அதை ஓட்டினார். எனக்கு அப்போது எட்டு வயது. இந்தக் காரில் ஓட்டுநருக்கு நேரே இருப்பது என்ஜின் சுற்றைக் காட்டும் மீட்டர். வேகம் காட்டும் மீட்டர் இடப்பக்கம், கூட உட்கார்ந்திருப்பவருக்கு நேரே இருக்கும். அதனால் வேகத்தைப் படித்துச் சொல்வது என் வேலை. 20 மைலைத் தொட்டதும் டேஷ்போர்டில் ஒரு சின்ன விளக்கு எரியும், 30-ஐத் தாண்டினால் அணைந்துவிடும். இங்கிலாந்து ஊர்களில் 30 மைல்தான் வரம்பு என்பதால் வைத்த விளக்கு. பாமணி ஆற்றங்கரைச் சாலையில் அது அணைந்தால் நான் "அப்பா!" என்று கத்துவேன். அவர் காலைத் தளர்த்துவார்.

1991-க்குப் பிறகு கார் ஓடவில்லை. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டது எங்கள் தவறு, அதை மறைக்கவில்லை. உரிய தாமதக் கட்டணத்தைக் கட்டவும் தயார். ஆனால் பழைய ஆர்.சி. புத்தகத்தை அப்பா கடைசி வரை பீரோவில் பத்திரமாக வைத்திருந்தார். அதில் உள்ள சேசிஸ் நம்பரும் என்ஜின் நம்பரும் இன்றைக்கும் காரில் உள்ளதோடு ஒரு எழுத்துப் பிசகாமல் பொருந்துகின்றன.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்தது. எங்கள் பக்கத்தில் அதைத் தாண்டி வந்தவர்களுக்கு அந்த இரவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. கொட்டகைமேல் இரண்டு தென்னை விழுந்தது. ஓடும் உத்தரமும் காரின்மேல் கிடந்தன. ஊரெல்லாம் கரண்டு இல்லை, தண்ணீர் இல்லை. காரைப் பற்றி நினைக்கவே பல நாள் ஆனது. ஓடுகளை அள்ளிப் போட்டபோதுதான் பார்த்தேன். இடப்பக்கக் கதவு தகடு மட்டும் தொங்கியது. உள்ளே மரம் இல்லை. கறையான் தின்ற மண்தான் கொட்டியது. பெயின்டும் பழக்கமும்தான் அதுவரை அதைப் பிடித்து வைத்திருந்தன. எடைக்கு வாங்குகிறவர் ஒருவர் மூன்றாம் நாளே வந்து விலை கேட்டார். நான் கொடுக்கவில்லை.

மரவேலைக்கு ஆள் தேடித் திருவாரூர்ப் பக்கம் போனேன். கோயில் தேர் வேலையும் சாமி வாகன வேலையும் செய்கிற பெரியவர் ஒருவர் கிடைத்தார். அவர் முதலில் செய்த காரியம், உளுத்த கட்டைகளை ஒன்றையும் தூக்கிப் போடாதே என்று எனக்குச் சொன்னதுதான். ஒவ்வொன்றையும் பலகையில் வைத்து அதன் நிழலைக் கோடு போட்டு எடுத்தார். பாதி இல்லாத இடத்தில் வலப்பக்கத்துக் கட்டையைத் திருப்பி வைத்து அளந்தார். ஆஷ் மரம் வரவழைக்கட்டுமா என்று கேட்டேன். "வந்து பத்து வருஷத்துல இதே மாதிரி பொடியாயிடும் தம்பி. பூவரசு போடுவோம்" என்றார். வண்டிச் சக்கரத்துக்கும் படகுக்கும் இந்தப் பக்கத்தில் காலங்காலமாகப் போடுகிற மரம். உறுதியும் உண்டு, வளைவும் உண்டு, ஈரம் தாங்கும். கஜாவில் சாய்ந்த பூவரசு ஒன்று எங்கள் தெருக்கோடியில் கிடந்தது. அதையே அறுத்துக் காயப்போட்டோம். காய ஒரு வருடம் விட்டார். அவசரப்பட விடவில்லை.

அந்த வேலையில் ஒரு நாள் நடந்ததை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். கதவுக்குப் பின்னால் உள்ள தூண் கட்டையைச் சுரண்டிக்கொண்டிருந்தவர் என்னைக் கூப்பிட்டார். கீழ்ப்பாதி உளுத்துவிட்டது. மேல்பாதியில் ஒரு சாண் அளவுக்கு மரம் கெட்டியாக இருந்தது. அதில் பென்சிலால் எழுதிய எண்கள், சாய்வான கையெழுத்தில். இங்கிலாந்தில் எவனோ ஒரு தச்சன் கூட்டு வேலைக்கு அடையாளம் வைத்து எழுதியது. பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு நெடுநேரம் அதைப் பார்த்தார். "இவனும் நம்மள மாதிரித்தான் குறிச்சு வெச்சிருக்கான்" என்றார். முழுக்கட்டையையும் மாற்றுவது அரை நாள் வேலை. அவர் அந்த ஒரு சாணைக் காப்பாற்ற நான்கு நாள் எடுத்துக்கொண்டார். நல்ல பகுதியைச் சாய்வாகச் சீவி, அதே சாய்வில் பூவரசைச் சீவி, இரண்டையும் சேர்த்து ஒட்டி முளை அடித்தார். விரலை ஓட்டினால் ஒட்டுத் தெரியாது. கண்ணுக்கு மட்டும் தெரியும், மேலே வெளிர் மரம், கீழே கருஞ்சிவப்பு. ஆய்வுக்கு வந்தவர் தட்டிப் பார்த்த கட்டைக்கு ஒரு முழம் பின்னால்தான் அந்தத் தூண் இருந்தது.

என்ஜினுக்கு வருகிறேன். 1250 சிசி, இரண்டு கார்புரேட்டர். இந்த என்ஜினில் ஒரு வினோதம் உண்டு. போல்ட்டின் தலை விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு, ஆனால் திரெட் (மரை) மெட்ரிக், அதாவது மில்லிமீட்டர் கணக்கு. அதுவும் கடையில் கிடைக்கிற மெட்ரிக் இல்லை. 8 மி.மீ. போல்ட் என்றால் நாம் வழக்கமாக வெட்டுவது 1.25 மி.மீ. பிட்ச் (மரைக்கு மரை உள்ள இடைவெளி), இதில் 1 மி.மீ. பிட்ச். தெரியாமல் கடை போல்ட்டைப் போட்டு முறுக்கினால் பிளாக்கில் உள்ள திரெட் போய்விடும். அதனால் தேய்ந்துபோன ஒவ்வொரு போல்ட்டையும் என் லேத்தில் நானே கடைந்தேன், தலை விட்வொர்த்தாகவே. யாரும் பார்க்கப்போவதில்லை, ஆனால் அது அப்படித்தான் இருக்க வேண்டும். சிலிண்டர் தேய்ந்திருந்தது, ரீபோர் செய்து, அதாவது உட்சுவரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, அதற்கேற்ற ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டேன். பிளாக் அதுவே, கிராங்க் அதுவே, ஹெட் அதுவே. இதையும் பிறகு கவுன்டரில் ஒருவர் பிடித்துக்கொண்டார்: ரீபோர் செய்தால் என்ஜின் ஓவர்ஹால் கணக்கில் வரும் என்றார். தேயும் சிலிண்டரை ரீபோர் செய்வது வண்டி ஓடுவதற்கான சாதாரண வேலை. ஓடுகிற எந்தப் பழைய என்ஜினும் ஒருமுறையாவது திறக்கப்படாமல் இருக்காது. அப்படிப் பார்த்தால் ஓடாமல் இறுகிக் கிடக்கும் கார் மட்டுமே வின்டேஜ் ஆகும்.

என் மனதை மிகவும் வருத்தியது ஆல்பம் விஷயம். வேலையின் ஒவ்வொரு கட்டத்தையும் போட்டோ எடுத்து வைத்தேன், நானூறுக்கு மேல் இருக்கும். எந்தக் கட்டை பழசு, எது புதுசு, எந்தத் தகடு ஒட்டுப்போட்டது என்று ஒவ்வொன்றுக்கும் கீழே எழுதி வைத்தேன். உண்மையைச் சொன்னால் அரசு மதிக்கும் என்று நம்பினேன். அந்த உண்மைதான் எனக்கு எதிராகப் போனது. மரத்துக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்து "எல்லாம் பழசுதான்" என்று சொல்லியிருந்தால் இன்று பதிவு கையில் இருந்திருக்கும். "ஏன் போய் உண்மையச் சொன்னீங்க?" என்று அங்கேயே ஒரு புரோக்கர் என்னைக் கேட்டார். மறைப்பவனுக்குப் பலன், குறித்து வைப்பவனுக்குத் தண்டனை என்று ஆகிவிட்டால் இனி யார் குறித்து வைப்பார்கள்?

திருவாரூர் ஆழித்தேரை நீங்கள் பார்த்திருப்பீர்கள். 1920-களில் அந்தத் தேர் எரிந்துபோனது. திரும்பவும் கட்டினார்கள். பிற்காலத்தில் திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. பழுதான மரத்தை அவ்வப்போது மாற்றிக்கொண்டேதான் இருக்கிறார்கள். வடம் பிடிக்க வருகிற ஒருவராவது இது அந்தத் தேர் இல்லை என்று சொல்வாரா? வடிவம் அதுவே, ஓடுகிற வீதி அதுவே, செய்கிற கையும் அந்தப் பரம்பரையே. எங்கள் ஊரில் பழசு நிலைக்கிற விதமே இதுதான். என் காருக்கு மரம் போட்ட பெரியவர் அந்த வேலையில் வளர்ந்தவர். அவர் கை வைத்ததால் ஒரு கார் தன் அசலை இழந்துவிட்டது என்று ஒரு விதி சொல்லுமானால், அந்த விதி பழுது பார்ப்பது என்றால் என்ன என்று தெரியாமல் எழுதப்பட்டது.

வின்டேஜ் வகையில் இடம் இல்லையென்றால் சாதாரணப் புதுப்பிப்புக்குப் போகலாமே என்கிறார்கள். போகலாம். 2022 ஏப்ரல் முதல் இறக்குமதிக் கார்களுக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 40,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் இருபது வருடம் கடந்த இறக்குமதிக் கார்களுக்கு அது 80,000 ஆனது. இங்கே செய்த காருக்கு 10,000. அதுவும் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை. இந்தக் கார் கப்பலில் வந்தது எழுபத்தைந்து வருடத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு அது எங்கும் போகவில்லை. மன்னார்குடியில் லேத் ஓட்டுகிறவனுக்கு 80,000 ரூபாய் எவ்வளவு பெரிய தொகை என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. புது வெளிநாட்டுக் கார் வாங்குகிறவரையும் கூலி பாக்கிக்குக் கிடைத்த காரைக் காப்பாற்றுகிறவனையும் ஒரே 'இறக்குமதி' என்ற சொல்லுக்குள் அடைப்பது நியாயமில்லை.

பெட்ரோலைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். எங்கள் ஊர்க் காற்றில் அதற்குப் பஞ்சமில்லை. கார்புரேட்டரில் இருந்த பழைய பாணி கார்க் வளையங்களையும் ரப்பர் குழாய்களையும் அதற்குத் தகுந்த பொருளில் மாற்ற வேண்டியதாயிற்று. அரசின் பெட்ரோல் மாற்றச் சொல்கிறது, அரசின் விதி மாற்றக்கூடாது என்கிறது. நான் எதைக் கேட்பது?

விதியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலில் ஓடிய பழைய வில்லிஸ் ஜீப்பில் டீசல் என்ஜினை இறக்கி ஓட்டுகிறார்கள், இங்கேயே எத்தனையோ பார்த்திருக்கிறேன். பழைய ஆர்.சி. புத்தகம் ஒன்றை வைத்துக்கொண்டு அதற்கு ஒரு வண்டியையே புதிதாகக் கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவற்றை வின்டேஜ் என்று ஏற்காதீர்கள்; தடுக்கத்தான் வேண்டும். என் காரின் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் சோதியுங்கள். தினம் கடைத்தெருவுக்கு ஓட்டுவதற்காகவும் நான் இதைக் கேட்கவில்லை.

நான் கேட்பவை இவை. வரையறையில் உள்ள 'கணிசமான ஓவர்ஹால்' என்பதற்கு விளக்கம் கொடுங்கள். அசல் அளவிலும் வடிவிலும் மரத்தையோ தகட்டையோ மாற்றுவதும், அசல் பிளாக்கை ரீபோர் செய்வதும் பழுது பார்ப்புதான், மாற்றம் அல்ல என்று எழுத்தில் வையுங்கள். மரக்கூடு உள்ள வண்டிகளுக்கு சேசிஸ் எண், என்ஜின் எண், பழைய ஆர்.சி. மூன்றும் பொருந்துவதை அசலுக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். வேலையின் போட்டோ ஆவணம் கொண்டுவருகிறவரிடம் அதை வாங்கிக் கோப்பில் சேர்த்துப் பார்த்த பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று ஆய்வுக்கு வருகிறவர்களுக்குச் சொல்லுங்கள். ஆய்வுக் குழுவில் பழைய என்ஜினைக் கையால் பிரித்துப் பூட்டிய ஒருவரையும் மரவேலை தெரிந்த ஒருவரையும் சேருங்கள். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களில் அப்படிப்பட்டவர்களுக்குக் குறைவில்லை. ஏற்கெனவே இந்தியாவில் பதிவாகி ஐம்பது வருடம் கடந்த வண்டியை இறக்குமதிக் கட்டணத்திலிருந்து விலக்குங்கள். மனுவை மறுத்தால் 60 நாளுக்குள் காரணத்தோடு எழுத்தில் மறுங்கள், மேல்முறையீடு செய்ய எங்களுக்கு ஒரு தாள் வேண்டும்.

கடைசியாக, என் மனுவை மறுபடி எடுங்கள். பதிவு இல்லாத காரை நான் சாலையில் ஓட்டி வர முடியாது. லாரி வாடகை கொடுத்து இன்னொரு முறை கொண்டுவரவும் என்னால் இயலாது. ஆகவே அதிகாரி ஒருவரை மன்னார்குடிக்கு அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் அனுப்புங்கள், அரை நாள் நேரம் ஒதுக்கி அனுப்புங்கள். பெரியவரையும் அன்று வரச் சொல்கிறேன். கதவுத் தூணில் உள்ள அந்தப் பென்சில் எழுத்தை அவரே காட்டட்டும். பார்த்துவிட்டு ஆமாம் என்றோ இல்லை என்றோ எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

இப்படிக்கு,
லேத் பட்டறைக்காரர் ஒருவர்,
மன்னார்குடி